ஐஸ் பெட்டிக்குள் ஓர் ஆமை

ஜவாஹிறா அக்காவுக்கு நீந்தத் தெரியாது. அவருடைய வேலையோ ஆற்றில் தண்ணீர் எடுப்பது. களனி ஆற்றின் கரையில் நின்று, நீளத் தடியின் நுனியில் போத்தலைப் பூட்டி எட்டி எடுக்கும் இடங்களில்கூட, அபாயாவுக்கு மேல் செம்மஞ்சள் நிற லைஃப் ஜாக்கெட்டைப் போட்டு, மூன்று பட்டியையும் இறுக்கிய பிறகுதான் முதல் படியில் கால் வைப்பார். மட்டக்குளிப் பக்கத்தில் துணி துவைக்கும் பெண்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

"தாத்தா, அந்தத் தண்ணி ஒங்கட முழங்காலுக்கும் காணாது" என்பார் நிஸாம். எங்களை ஏற்றிச் செல்லும் த்ரீவீல் அவருடையது.

"முழங்கால் தண்ணியில மௌத்தான ஆக்கள் இல்லையா நானா?"

"இரிக்காங்க. ஆனா அவங்க ஒருத்தரும் ஜாக்கெட் போட்டுட்டு வரல்ல."

நான் அவரை அக்கா என்பேன், நிஸாம் தாத்தா என்பார். முஸ்லிம் வீடுகளில் இரண்டும் ஒன்றுதான், நானா என்றால் அண்ணா. இந்தச் சிறிய குழுவில் நான் மூன்றாவது ஆள். போத்தல்களுக்கு லேபல் ஒட்டுவதும் வெப்பமானியைப் பார்ப்பதும் பெட்டி தூக்குவதும் என் பங்கு. அதிகம் கதைக்கத் தேவையில்லாத வேலை என்பதால் எனக்குப் பிடித்திருந்தது.

கொட்டாஞ்சேனையில், ஓர் இரும்புக் கடைக்கு மேலே உள்ள இரண்டறை வீட்டில் அக்காவும் மகள் பஹ்மாவும் இருக்கிறார்கள். கணவர் டோஹாவில். நுகேகொடையில் உள்ள எங்கள் தனியார் ஆய்வுகூடத்தில் அக்கா பல வருடங்கள் போத்தல் கழுவினார். வெளியே தண்ணீர் எடுக்கப் போய்க்கொண்டிருந்தவர் கனடாவுக்குப் போய்விட்டபோது, பொறுப்பாளர் சுந்தரலிங்கம் சேர் இவரைக் கூப்பிட்டு, "நீங்கள் போகேலுமோ?" என்று கேட்டிருக்கிறார்.

"ஏலா சேர். எனக்குத் தண்ணி எண்டா பயம்."

"பயப்பிடுற ஆள்தான் எனக்கு வேணும். முந்தின ஆள் பயமில்லாமல் போத்தலைத் திறந்து வச்சுக்கொண்டு சிகரட் பத்தினவர்."

அந்தப் பேச்சில் நியாயம் இருந்தது. அக்காவின் பயம் அவரை எதையும் அரைகுறையாக விட விடாது. மூடியை இறுக்குவார், பெட்டியில் வைப்பார், எடுத்து இன்னொரு தடவை இறுக்குவார். கொட்டாஞ்சேனைச் சந்தி தாண்டுவதற்குள் மகளுக்கு போன் எடுத்து சமையல் கேஸ் பூட்டியிருக்கிறதா என்று கேட்பார். பூட்டியிருக்கிறது என்று பஹ்மா சொன்னால், கையால் தொட்டுப் பார்த்தாயா என்பார். ஒரு தடவை அவள், "உம்மா, நான் இப்ப ஸ்கூல்ல இரிக்கன்" என்றாள். அன்று த்ரீவீலைத் திருப்பிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். பூட்டித்தான் இருந்தது.

எங்கள் வேலையில் ஒரு விதி மற்ற எல்லா விதிகளையும்விடப் பெரியது. ஆற்றிலிருந்து எடுத்தது எதுவானாலும் உடனே ஐஸுக்குப் போக வேண்டும். போத்தலுக்குள் வந்த பிறகும் ஆறு சும்மா இருப்பதில்லை. அதிலுள்ள கிருமிகள் வெக்கையில் பெருகத் தொடங்கிவிடும், பிறகு நாம் அளப்பது ஆற்றை அல்ல, போத்தலை. அதனால் குளிர் காக்கும் இரண்டு ரெஜிபோம் நுரைப் பெட்டிகளில் ஐஸ் நிரப்பிக்கொண்டு புறப்படுவோம். ஒன்று களனி ஆற்றுப் போத்தல்களுக்கு, மற்றது வெள்ளவத்தைக் கால்வாய்ப் போத்தல்களுக்கு. அக்காவுக்கு இது கையில் ஊறிப்போன பழக்கம். பிஸ்கட் வாங்கினாலும் ஐஸ் பெட்டியின் மூடியில்தான் வைப்பார்.

"தாத்தாட கையில நான் அம்பிட்டா, என்னையும் ஐஸில போட்டு லேபல் ஒட்டித்தான் வீட்டுக்கு அனுப்புவா" என்பார் நிஸாம்.

சித்திரை மாதத்தில் ஒரு நாள். காற்று அசையவே இல்லை. மட்டக்குளிக்கு அருகில் ஆற்றங்கரை மரங்களின் வேர்கள் தண்ணீருக்குள் இறங்கும் ஓரிடத்தில் கடைசிப் போத்தலை எடுத்துக்கொண்டிருந்தோம். அக்கா தடியை நீட்டினார். போத்தல் நிரம்பியது. மேலே இழுக்கும்போது தடி எதிலோ சிக்கி நின்றது. கொஞ்சம் ஆட்டினார். அந்த ஆட்டத்துக்கு, வேர்களுக்கிடையில் கிடந்த ஒரு தேங்காய் மட்டை பதில் சொல்வதுபோல் அசைந்தது.

"தம்பி, அந்த மட்டை பாக்குது."

அது மட்டை இல்லை, ஆமை. சோற்றுப் பீங்கான் அளவில், கறுத்த ஓடும் அதற்குள்ளிருந்து நீண்ட கழுத்துமாக, பாதி தண்ணீரிலும் பாதி வெளியிலும் தொங்கிக்கொண்டிருந்தது. யாரோ இரவில் தூண்டில் கட்டி விட்டுப் போயிருக்கிறார்கள். தங்கூசி நூலின் ஒரு முனை வேரில், மறு முனை ஆமையின் வாய்க்குள். நடுவில் இருந்த நூல் முன்னங்காலைச் சுற்றிச் சுற்றி இறுக்கியிருந்தது. கால் வீங்கி, தோல் வெளுத்திருந்தது. அது வாயைத் திறந்தது. சத்தம் எதுவும் வரவில்லை.

"கல் இப்பா" என்றார் நிஸாம், சிங்களத்தில் அதன் பெயரைச் சொல்லி. "நானும் நேத்துப் பொறந்தவன் இல்ல தாத்தா, இதெல்லாம் விட்டுட்டுப் போறது நல்லம். சட்டம் இரிக்கி. தொட்டா நம்மளப் புடிப்பாங்க."

அக்கா தடியை என் கையில் தந்தார். லைஃப் ஜாக்கெட்டின் பட்டிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு, நான் பார்த்த நாளிலிருந்து முதல் தடவையாக, கடைசிப் படியையும் தாண்டி ஆற்றுக்குள் இறங்கினார்.

"நானா, பின்னால புடிங்க."

"எத?"

"என்னத்தயாவது. ஜாக்கெட்டப் புடிங்க."

நிஸாம் கரையிலிருந்த வேரில் ஒரு காலை ஊன்றி, ஜாக்கெட்டின் முதுகுப் பட்டியைப் பிடித்துக்கொண்டார். அக்கா உரத்து ஓதிக்கொண்டே போனார். தண்ணீர் அவருடைய தொடை வரைக்கும் வந்தது. லேபல் வெட்டும் கத்தரிக்கோலால் வேரோடு இருந்த நூலை வெட்டி, ஆமையை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினார். அது காலால் அவருடைய மணிக்கட்டைக் கீறியது. அவர் விடவில்லை.

கரையில் வைத்துக் காலைச் சுற்றியிருந்த நூலை அறுத்தோம். வாய்க்குள் இருந்த தூண்டில் முள்தான் கண்ணுக்கே தெரியவில்லை. நூல் தொண்டைக்குள் இறங்கிப் போயிருந்தது. நிஸாம் நூலை மெதுவாக இழுத்துப் பார்த்தார். ஆமையின் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் உள்ளே இழுபட்டன.

"இழுக்காதீங்க" என்றார் அக்கா. அவருடைய உதடு காய்ந்திருந்தது. "உள்ளுக்கு எங்க மாட்டி இரிக்கோ தெரியா. டொக்டர் ஒருத்தர்ட்டத்தான் கொண்டு போகணும்."

வெள்ளவத்தையில் இரண்டு போத்தல் எடுக்க இருந்தது. கடல் ஏறி உப்புத் தண்ணீர் கால்வாய்க்குள் வருவதற்கு முன் எடுக்க வேண்டும். போகிற வழியில் அதை முடித்துவிட்டு அப்படியே ஒரு மிருக வைத்தியரைத் தேடிப் போகலாம் என்று முடிவாயிற்று. ஆனால் ஆமையை எங்கே வைப்பது? த்ரீவீலின் தரைத் தகடு கால் வைக்க முடியாமல் சுட்டது. ஆற்றில் இருக்கிற ஒன்றை இந்த வெக்கையில் கொழும்பு முழுக்க எப்படிக் கொண்டு போவது என்று அக்கா கலங்கினார். அவருடைய கண் கால்வாய்ப் பெட்டியில் போய் நின்றது. அதில் போத்தல் எதுவும் இல்லை, ஐஸ் மட்டும் இருந்தது.

ஈரத் துவாயில் ஆமையைச் சுற்றினார். ஐஸ் துண்டுகளை ஒதுக்கிப் பள்ளம் செய்து அதில் இறக்கினார். என் பேனாவை வாங்கி, மூச்சுக்காக மூடியில் நான்கு ஓட்டை போட்டார். ரெஜிபோம் துகள்கள் ஆமையின் கண்ணில் விழுந்துவிடும் என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். பிறகு மூடியை மூடி, இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தார். எங்கள் மூவருக்கும் அது சரியான காரியமாகவே பட்டது. ஆற்றிலிருந்து வந்தது ஐஸுக்குள் போயிருக்கிறது, இனி ஒரு குறையும் வராது என்று.

மருதானையில் வாகனங்கள் நகரவில்லை. ரயில் நிலையத்துக்கு முன்னால் ஒரு பொலிஸ்காரர் கையைக் காட்டி எங்களை ஓரங்கட்டினார். நிஸாமின் லைசன்ஸைப் பார்த்தார். பிறகு குனிந்து பெட்டிகளைப் பார்த்தார். சிங்களத்தில், உள்ளே என்ன என்று கேட்டார். மூடிய பெட்டியோடு முக்காடு போட்ட ஒரு பெண் த்ரீவீலில் இருந்தால் இந்த ஊரில் அந்தக் கேள்வி எப்படி வந்து விழும் என்பது அக்காவுக்குத் தெரியும். அவர் முழங்கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு, களனி ஆற்றுத் தண்ணீர் என்று சிங்களத்தில் சொல்லி முதல் பெட்டியைத் திறந்து காட்டினார். போத்தல்கள் வரிசையாக நின்றன. பொலிஸ்காரர் ஒரு போத்தலின் கலங்கலைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"இதையா எங்களுக்குக் குடிக்கத் தருகிறார்கள்?" என்றார்.

"வடிகட்டித்தான் தருவாங்க மாத்தயா" என்றார் நிஸாம். பொலிஸ்காரர் சிரித்துவிட்டு எங்களை விட்டார். இரண்டாவது பெட்டியைத் திறக்கச் சொல்லவில்லை.

பம்பலப்பிட்டியில் அக்கா பெட்டியின் மூடியில் காதை வைத்துக் கேட்டார். பிறகு, "பாத்தீங்களா, ஒரு சத்தமும் இல்ல. குளிர்ச்சிக்கு நல்லாத் தூங்குது" என்றார். அப்போது அவர் சந்தோஷமாக இருந்தார். அன்று அவரை அப்படிக் கண்டது அந்த ஒரு முறைதான்.

வெள்ளவத்தையில் கால்வாய்க் கரையோரமாக நிறுத்தினோம். போத்தல்களுக்கு இடம் பார்க்க அக்கா பெட்டியைத் திறந்தார். துவாயை விலக்கினார். அவருடைய கை அப்படியே நின்றது.

ஆமையின் கழுத்து முழு நீளத்துக்கும் வெளியே கிடந்தது. கண்கள் மூடியிருந்தன. உள்ளே இழுத்துக்கொள்ளும் கால்கள் நான்கும் தளர்ந்து, துவாயின் மடிப்புகளோடு மடிப்பாகக் கிடந்தன. அக்கா விரலால் மூக்கைத் தொட்டார். காலைத் தூக்கினார். தூக்கியது அப்படியே விழுந்தது.

"நானா..."

நிஸாம் குனிந்து பார்த்தார். எப்போதும் ஏதாவது சொல்கிற அவருடைய முகத்தில் பகிடி இல்லை. "மௌத்து போல இரிக்கி தாத்தா."

"முள்ளாலயா?"

நிஸாம் ஐஸைப் பார்த்தார். நானும் ஐஸைத்தான் பார்த்தேன். எங்கள் பார்வை போன இடத்தை அக்காவும் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நடைபாதையில், அந்த வெயிலில், அப்படியே குந்திவிட்டார்.

"நான்தானே வெச்ச. ஆத்துல தொங்கிக்கிட்டாவது உசிரோட ஈந்த. நான் எடுத்து ஐஸில வெச்சிட்டன். நாளைக்கி அல்லாஹ்ட்ட நான் என்ன சொல்ற?"

"வேணுமெண்டா வெச்சீங்க? காப்பாத்தத்தானே" என்றார் நிஸாம்.

"அதுக்கு அது தெரியுமா?"

நிஸாம் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு, "தண்ணியில விட்டுப் பாப்பம். தண்ணி உயிர்தானே. தண்ணி பட்டா முழிக்கும். முழிக்கல்ல எண்டா..." என்று இழுத்தார். முழிக்கவில்லை என்றால் கால்வாய் அதைக் கடலுக்குக் கொண்டு போய்விடும், யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை என்பதுதான் அவர் சொல்லாமல் விட்டது.

அக்கா ஆமையோடு கால்வாய்ப் படியில் இறங்கினார். இந்தத் தடவை ஜாக்கெட்டின் பட்டிகளைத் தொட்டுப் பார்க்க மறந்துவிட்டார். தண்ணீருக்குள் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு கையை மெல்ல எடுத்தார். ஆமை ஒரு பக்கமாகச் சரிந்தது. தலை முதலில் தாழ்ந்தது. ஒரு குமிழிகூட வரவில்லை. பாத்திரம் கழுவும்போது கை தவறிய பீங்கான் தொட்டிக்குள் போகுமே, அப்படிப் போயிற்று.

அவர் கையைத் தோள்வரை விட்டு அதைப் பிடித்து மேலே எடுத்தார். முகமெல்லாம் கால்வாய்த் தண்ணீர்.

"ஏலா. நீந்துற ஒண்டு இப்பிடிப் போகாது. எனக்கு விட ஏலா."

"அப்ப என்னதான் செய்ற?"

அக்கா என்னைப் பார்த்தார். "தம்பி, ஒங்கட ஃப்ளாட்ல ஒரு மிருக டொக்டர் இரிக்காங்க எண்டு சொன்னீங்கதானே."

இருந்தார். எங்கள் மாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் இருக்கும் மிதுனா, களுபோவிலயில் ஒரு மிருக வைத்திய நிலையத்தில் வேலை செய்பவர். படிக்கட்டில் எதிர்ப்பட்டால் தலையை மட்டும் ஆட்டுவேன். குடியிருப்பாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவருடைய இலக்கம் இருந்தது. ஓர் அந்நியருக்கு போன் எடுப்பதென்றால் முதலில் என்ன சொல்வது என்று நான் மனதுக்குள் இரண்டு மூன்று வசனம் கட்டிப் பார்ப்பவன். அக்காவின் கையில் ஆமையின் கழுத்து தொங்கிக்கொண்டிருந்தது. கட்டாமலே எடுத்தேன்.

"வணக்கம். நான்... மேல் மாடி. சுகிர்தன்."

"ஓ, தலையாட்டுற ஆள். சொல்லுங்கோ."

சொன்னேன். ஐஸ் என்றதும் அவர் குறுக்கிட்டார்.

"தண்ணிக்குள்ள போட்டனீங்களோ?"

"போட்டு எடுத்திட்டம்."

"இனிப் போட வேண்டாம். இப்ப அதுக்கு மூச்சைப் பிடிக்கவும் தெரியாது, தலையை மேல தூக்கவும் தெரியாது. மூழ்கிப் போகும். வெயில்ல வைக்காதேங்கோ, சுடுதண்ணி ஒண்டும் வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம். ஈரத் துணியை எடுத்திட்டு காய்ஞ்ச துணியில சுத்துங்கோ. தலை கொஞ்சம் பதிஞ்சிருக்கட்டும், உள்ள போன தண்ணி வரும். உடன கொண்டு வாங்கோ."

"அது செத்திட்டுது போல கிடக்கு."

"குளிர்ந்த ஆமையைப் பார்த்து, செத்ததெண்டு நானும் சொல்லமாட்டன். உடம்பில சூடு வரட்டும். அதுக்குப் பிறகும் இப்பிடியே கிடந்தா, அப்ப சொல்லுவம்."

நான் சொன்னதைக் கேட்ட நிஸாம், என்ஜினுக்குப் பக்கத்தில் வைத்தால் கெதியாகச் சூடு வரும் என்றார். அக்கா அவரைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டு சாவியைத் திருகினார். காய்ந்த துணி என்று எங்களிடம் எதுவும் இல்லை. அக்கா தன் கைப்பையிலிருந்து தொழுகைக்கு வைத்திருந்த வெள்ளைத் துணியை எடுத்தார். ஆமையை அதில் சுற்றி மடியில் வைத்து, மேலே கையை மூடிக்கொண்டார். காலி ஊருக்குப் போகும் பெரிய வீதி, பிறகு உள்ளே திரும்பும் சிறிய தெருக்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் அவர் தன் முதுகை உயர்த்தி அந்தக் குலுக்கத்தைத் தானே வாங்கிக்கொண்டார்.

"குளிர் என்ட வயித்துக்குள்ள இறங்குது" என்றார் ஒரு தடவை. "அவ்வளவு குளிர். நான் எப்பிடி யோசிக்காமப் போன?"

நான் துணியின் விலகிய ஓரத்தை எடுத்து ஆமையின் மேல் போட்டேன்.

வைத்திய நிலையத்தில் மிதுனா எங்களுக்காக வாசலிலேயே நின்றார். என்ன நடந்தது என்று கேட்டதும், நிஸாம் முந்திக்கொண்டு, "பெட்டியில வெச்சோம் டொக்டர், பெட்டி கொஞ்சம் குளிரா ஈந்த" என்றார்.

"இல்ல டொக்டர்" என்றார் அக்கா. "ஐஸுக்கு மேல வெச்ச. மட்டக்குளியில இருந்து வெள்ளவத்த வரைக்கும். நான்தான் வெச்ச. அது தெரிஞ்சாத்தானே நீங்க மருந்து செய்யலாம்."

மிதுனா அவரைத் திட்டவில்லை. மேசையில் துணியை விரித்து ஆமையை வைத்தார். பேனா போன்ற ஒரு கருவியைக் கழுத்துக்கும் காலுக்கும் இடையிலிருந்த மென்மையான இடத்தில் வைத்து அழுத்தினார். பக்கத்திலிருந்த சின்னப் பெட்டியிலிருந்து காற்று அடிக்கிற மாதிரி ஓர் இரைச்சல் வந்தது. வேறு எதுவும் இல்லை. கருவியைச் சற்று நகர்த்தினார். இரைச்சல். இன்னும் நகர்த்தினார். நாய் ஒன்று பின்னறையில் குரைத்து ஓய்ந்தது.

அந்த இரைச்சலுக்கு அடியில், எங்கோ கதவை ஒருவர் ஒரு தடவை தட்டினாற்போல் ஒரு சத்தம். பிறகு நீண்ட நேரம் ஒன்றுமில்லை. பிறகு இன்னொரு தட்டல்.

"இருக்கு" என்றார் மிதுனா.

"அது இதுட சத்தமா, மெஷின்ட சத்தமா?" என்றார் அக்கா.

"இதின்ர இருதயம்தான் அக்கா."

"இவ்வளவு நேரம் எடுத்தா அடிக்கும்?"

"குளிர்ல அப்பிடித்தான். ஆனா இப்பவே நிம்மதிப்பட ஏலாது. சூடு வரேக்க சிலது நிண்டுபோறதும் உண்டு. அதால மெல்ல மெல்லத்தான் சூடாக்கோணும். முள்ளை இப்ப தொடமாட்டன்."

எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தில் ஓடு மங்கலாகவும் எலும்புகள் இன்னும் மங்கலாகவும் இருந்தன. முள் மட்டும் வெள்ளையாய்த் துலங்கிற்று. ஆமையைவிட முள்தான் அங்கே உயிரோடு இருப்பதுபோல் பட்டது. தொண்டையின் அடியில், கொளுவி வளைந்து நின்றது.

அக்காவின் போன் அடித்தது. சுந்தரலிங்கம் சேர். அவர் கதைத்தால் பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்கும்.

"எங்கே நிக்கிறீங்கள்? போத்தல் இன்னும் வரேல்லை."

"களுபோவிலயில சேர். ஆத்துப் போத்தல் இரிக்கி. கால்வாய்ப் போத்தல் எடுக்கல்ல."

"ஏன்?"

"ஐஸ் பெட்டியில ஆமை ஈந்த."

"ஆத்துப் போத்தலோடயோ?"

"இல்ல சேர். மத்தப் பெட்டியில."

"யார் வச்சது?"

"நான்."

"சரி. ஆத்துப் போத்தலை நிஸாமிட்டக் குடுத்து விடுங்கோ. கால்வாய் நாளைக்கும் ஓடும். ஆமை வச்ச பெட்டியை இனித் தண்ணிக்குப் பாவிக்கேலாது, விளங்கிச்சோ?" போனை வைக்கப்போனவர், "உயிரோட இருக்கோ?" என்று கேட்டார்.

"தெரியா சேர்" என்றார் அக்கா. "அடிக்குது. ஆனா தெரியா."

நிஸாம் முதல் பெட்டியோடு நுகேகொடைக்குப் போனார். நாங்கள் இருவரும் ஒரு சின்ன அறையில், ஆமைக்குப் பக்கத்தில் இருந்தோம். காற்றாடியை நிறுத்தச் சொல்லியிருந்தார் மிதுனா. அக்கா பிளாஸ்டிக் கதிரையின் நுனியில் இருந்து, கழுத்தின் தோலையே பார்த்துக்கொண்டிருந்தார். தோல் அசைந்ததா, கண்ணீரில் தனக்குத்தான் அப்படித் தெரிகிறதா என்று என்னிடம் கேட்டார். எனக்கும் நிச்சயமில்லை என்றேன். பஹ்மா போன் எடுத்தாள். கேஸ் பூட்டியாயிற்று என்று தானாகவே சொன்னாள். அக்கா, "சரி மகள்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். தொட்டுப் பார்த்தாயா என்று கேட்கவில்லை.

வெயில் யன்னல் ஓரத்தைத் தாண்டி நகர்ந்தது. ஆமையின் கழுத்து போட்டபடியே கிடந்தது. அப்போதுதான் அந்த நாற்றம் வந்தது. முதலில் இலேசாக, பிறகு அறை முழுக்க. அழுகிய முட்டையும் சாக்கடைச் சேறும் சேர்ந்தாற்போன்ற நாற்றம். அக்கா எழுந்து நின்றார். முக்காட்டின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நாறத் தொடங்கிட்டு" என்றார். "முடிஞ்சிது தம்பி. இன்னா லில்லாஹி..."

நான் ஓடிப்போய் மிதுனாவைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவர் வாசலில் காலெடுத்து வைத்ததும் மூக்கைப் பிடித்தார். பிறகு சிரித்தார்.

அக்காவுக்கு அந்தச் சிரிப்பு பொறுக்கவில்லை. "என்னத்துக்குச் சிரிக்கிறீங்க?"

"அக்கா, இது செத்த மணம் இல்லை. இந்த ஆமைக்குக் கோபம் வந்தா இப்பிடித்தான் நாறும். தன்னைத் தொட வேண்டாமெண்டு சொல்லுது. செத்தது கோபப்படுமோ?"

அக்கா மேசையைத் திரும்பிப் பார்த்தார். கழுத்து பாதி உள்ளே போயிருந்தது. பின்னங்கால் ஒன்று துணியைக் கீறியது, நின்றது, மறுபடி கீறியது. அவர் சுவரில் சாய்ந்து நின்று, அந்த நாற்றத்தை மூக்கு நிறைய இழுத்தார்.

திரும்பி வந்த நிஸாம் வாசலிலேயே நின்றுவிட்டார். "யா அல்லாஹ். இதுக்கா நம்ம துஆ கேட்ட?"

முள்ளை அடுத்த நாள் மயக்க மருந்து கொடுத்து எடுத்தார்கள். வனசீவராசிகள் திணைக்களத்துக்கு மிதுனாவே அறிவித்தார். குணமான பிறகு, எடுத்த இடத்திலேயே விடலாம் என்று சொன்னார்கள். புண் ஆறும் வரை அக்கா காலையும் மத்தியானமும் மாலையும் வைத்திய நிலையத்துக்கு போன் எடுத்தார். அங்கே போன் எடுக்கும் பெண், அக்காவின் குரல் கேட்டதுமே, "நல்லா இருக்கு அக்கா, நேற்றைய மாதிரி இண்டைக்கும் ஆமையாத்தான் இருக்கு" என்பாளாம். வேலையும் நடந்தது. எங்கள் பெட்டிகளில் ஒன்று புதிது. அதன் மூடியை இறுக்குவதற்கு முன் அக்கா ஒவ்வொரு தடவையும் உள்ளே எட்டிப் பார்த்தார், போத்தல்தானா என்று.

விடுகிற நாள் வந்தபோது அவருக்குப் புதிய பயம் ஒன்று பிடித்துக்கொண்டது. எடுத்த இடத்தில் விட்டால் அதே தூண்டில்காரர் திரும்ப வருவார். வேறு இடத்தில் விட்டால் அதற்கு வழி தெரியாது. மிதுனாவிடம் கேட்டார். அதன் இடம் அதுதான், அங்கேதான் விட வேண்டும் என்று அவர் சொன்னார். அன்று நாங்கள் முன்னதாகவே மட்டக்குளிக்குப் போய், வேர்களுக்கிடையில் கண்ட தங்கூசித் துண்டுகளையெல்லாம் அறுத்தெடுத்தோம். நிறைய இருந்தன. நிஸாம் அவற்றைச் சுருட்டிப் பையில் போட்டார்.

"எல்லாம் எடுத்தாச்சா?" என்றார் அக்கா.

"கண்ணுக்குத் தெரிஞ்சதெல்லாம் எடுத்தாச்சி தாத்தா."

"தெரியாதது?"

நிஸாம் குனிந்து வேர்களை இன்னொரு தடவை கையால் தடவிப் பார்த்தார்.

அக்கா ஆற்றுக்குள் இறங்கினார். நிஸாம் பின்பட்டியைப் பிடித்துக்கொண்டார். ஆமை அவருடைய கையில் கால்களை அடித்தது, நாறியது, கழுத்தைத் திருப்பிக் கடிக்கப் பார்த்தது. தண்ணீர் தொட்டதும் அடங்கியது. அக்கா ஒரு கையை எடுத்தார். அது சரியவில்லை. மற்றக் கையையும் எடுத்தார். மண்ணிறத் தண்ணீருக்குள் கறுத்த ஓடு ஒரு முழத் தூரம் தெரிந்தது, பிறகு மறைந்தது.

"சரி, போவமா?" என்றார் நிஸாம். "போத்தல் எடுக்கணும்."

"கொஞ்சம் இருங்க. மேல வந்து மூச்சு எடுக்கட்டும்."

நின்றோம். ஆற்றின் நடுவில் மிதக்கும் சல்வீனியாச் செடிக் கூட்டம் ஒன்று மெல்லப் போய்க்கொண்டிருந்தது. எதிர்க்கரையில் யாரோ சட்டி ஒன்றைத் தேய்த்தார்கள். அக்கா படியில் ஏறி நின்று, இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஜாக்கெட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது.

கொஞ்சம் தள்ளி, வேர்களுக்கு அப்பால், கட்டைவிரல் நுனியளவில் ஒரு மூக்கு மேலே வந்தது. ஒரு மூச்சு. கீழே போயிற்று.

"கண்டீங்களா?" என்றார் நிஸாம். "மாஷா அல்லாஹ். இனிப் போவம்."

அவர் மேலே போய் த்ரீவீலின் என்ஜினை ஓடவிட்டு வந்தபோதும் அக்கா படியிலேயே நின்றார். "இன்னொண்டு வரட்டும்."

"ஒண்டு காணாதா தாத்தா?"

"ஒண்டு கடைசி மூச்சாவும் இரிக்கலாமே."

நிஸாம் என்னைப் பார்த்தார். நான் ஆற்றைப் பார்த்தேன். அவர் மேலே போய், ஓடிக்கொண்டிருந்த என்ஜினை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்து, அக்காவின் ஜாக்கெட் பட்டியை மறுபடி பிடித்துக்கொண்டார்.